புருவத்தில் குத்தும் பச்சை

மைக்ரோபிளேடிங் என்ற பெயரில் அழகு நிலையங்களில் அறியப்படும் புருவச் சிகிச்சை, நுண்ணூசிகளை வரிசையாகப் பதித்த ஒரு கைக்கருவியால் புருவத் தோலில் முடியளவு மெல்லிய கீறல்களை இட்டு, அவற்றினுள் நிறமியை இறக்கி, முடி உதிர்ந்த அல்லது அடர்த்தி குறைந்த இடத்திலும் முடி இருப்பதுபோல் தோன்றச் செய்வதாகும். பென்சிலால் வரையும் புருவம் மாலைக்குள் கலைந்துவிட, இது ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை தங்கும் என்பதால் ‘செமி பர்மனென்ட் மேக்கப்’ என்ற அடைமொழியும் அதனுடன் சேர்ந்துகொண்டது. மேக்கப் என்ற சொல் முகத்தின்மேல் பூசிப் பின் கழுவிவிடக்கூடிய ஒன்றையே நினைவூட்டுகிறது. தோலைக் கீறி நிறத்தை உள்ளே வைக்கும் செயலுக்குத் தமிழில் நெடுங்காலமாக வேறொரு பெயர் உண்டு, அது பச்சை குத்துதல். இச்சிகிச்சையில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்ற கேள்விகளுக்கான விடைகளில் பெரும்பகுதி அந்தப் பழைய பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

சென்னையின் அழகு நிலையங்களில் வேரூன்றிவிட்ட இவ்வழக்கம், மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் மின்ரயில்கள் சென்று சேரும் கும்மிடிப்பூண்டிக்கும், அரக்கோணம் தடத்தில் உள்ள திருவள்ளூருக்கும் தொலைவானதன்று. இருப்பினும் இப்பகுதியில் இச்சிகிச்சையை எண்ணிப்பார்ப்பவரின் நிலை, குளிரூட்டிய அலுவலகத்தில் பணிபுரியும் நகரவாசியின் நிலையிலிருந்து வேறுபட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும், தேர்வாய்க்கண்டிகைத் தொழிற்பேட்டையிலும், எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியிலும் ஷிப்ட் முறையில் வேலை செய்வோருக்கு வியர்வையும் தூசியும் அன்றாடம். பென்சில் புருவம் அங்கே ஒரு மணி நேரம்கூட நிற்காது என்பதும், மின்னணுப் பொருள்கள், மருந்துகள் தயாராகும் தூய்மை அறைகளில் முகப்பூச்சுகளுக்கே பொதுவாக அனுமதி இல்லை என்பதும், கலையாத புருவத்தின்மேல் ஆசை எழ நியாயமான காரணங்கள். அதே வியர்வையும் தூசியும்தான் இச்சிகிச்சையின் முதல் எதிரிகள் என்பதால், இப்பகுதியினர் முடிவெடுக்குமுன் கூடுதலாகச் சில கணக்குகளைப் போட வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டில் பச்சை குத்துதல் பெரும்பாலும் குறவர் சமூகப் பெண்களின் கைத்தொழிலாக இருந்தது. நெற்றிப் பொட்டு, கைகளில் கோலப் புள்ளிகள், தேள், பெயரெழுத்து என அவர்கள் குத்திய அடையாளங்கள் வயதான பெண்களின் தோலில் இன்றும் காணக்கிடைக்கின்றன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அவர்கள் பயன்படுத்திய மையின் தயாரிப்பைப் பதிவு செய்துள்ளார்: மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரியவிட்டு, மேலே கவிழ்த்த புதுச்சட்டியின் உட்புறத்தில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து மையை எடுத்தனர். கரி கறுப்பாயிருக்க, குத்தியபின் அது பச்சையாகவும் நீலமாகவும் தெரிவதற்குக் காரணம் தோலே. தோலுக்குள் நுழையும் ஒளியில் சிவப்பு போன்ற நீண்ட அலைகள் ஆழம்வரை சென்று கரியில் உறிஞ்சப்பட, நீலம் போன்ற குறுகிய அலைகள் வழியிலேயே சிதறி வெளியே திரும்புவதால், உள்ளிருக்கும் கறுப்பு வெளியே நீலப்பச்சையாகத் தோன்றுகிறது. பச்சை என்று பெயரிட்ட மக்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். இன்றைய அழகு நிலையத்தில் காபிப் பழுப்பு நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் உண்மையும் இதுவே: புட்டியில் உள்ள நிறம் வேறு, தோல் திருப்பித் தரும் நிறம் வேறு.

தோல் இரண்டு முதன்மை அடுக்குகளைக் கொண்டது. மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டு பழைய செல்களை உதிர்த்துவிடுவதால், அதில் மட்டும் வைத்த நிறம் சில வாரங்களில் போய்விடும். அதன்கீழ் உள்ள அடித்தோலின் மேற்பகுதியில், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில், நிறமி சென்று சேர வேண்டும். அங்கே சேர்ந்த துகள்களை உடல் அந்நியப் பொருளாகக் கருதி, பெருவிழுங்கிகள் எனப்படும் காவல் செல்களை அனுப்பி விழுங்கச் செய்கிறது. ஆனால் அச்செல்களால் அவற்றைச் செரிக்க முடிவதில்லை. விழுங்கிய செல் இறக்கும்போது வெளிப்படும் துகளை அடுத்த செல் விழுங்கிக்கொள்கிறது என்பதை பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் 2018இல் சுண்டெலிகளில் காட்டினர். பச்சை நிலைத்து நிற்பது இந்த ஓயாத கைமாற்றத்தால்தான். புருவச் சிகிச்சையில் நிறமியின் அளவு குறைவு, ஆழமும் குறைவு, முகத்தில் படும் வெயிலோ அதிகம் என்பதால் நிறம் விரைவாக மங்குகிறது. மங்குவது மறைவதாகாது. சிலரிடம் சாயல் பல ஆண்டுகள் எஞ்சி நிற்கும். அதன்மேல் மீண்டும் மீண்டும் நிறம் ஏற்றினால் கீறல்கள் ஒன்றோடொன்று கலந்து அட்டையை ஒட்டியது போன்ற ஒரே திட்டாக ஆகிவிடும். ஆகவே ‘செமி பர்மனென்ட்’ என்ற சொல்லைக் கெடு முடிந்தால் தானாகப் போய்விடும் என்ற வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது தவறு.

கைக்கருவியால் கீறும் முறை மைக்ரோபிளேடிங் என்றால், இயந்திர ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பவுடர் பூசியது போன்ற நிழலை உண்டாக்கும் முறை பவுடர் பிரௌஸ் எனப்படும். இரண்டையும் கலந்து செய்வதும் உண்டு. எண்ணெய்ப் பசை மிகுந்த சருமத்தில் நுண்கீறல்கள் சில மாதங்களில் பரவி மழுங்கிவிடுவதால், வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்தக் கடலோரப் பகுதியினர் பலருக்குப் புள்ளி முறையே பொருத்தமாக அமையும். படத்தில் பார்த்த முடிக்கோடுகளையே வேண்டும் என்று வற்புறுத்துவதைவிட, தம் சருமத்தின் இயல்புக்கு எது ஏற்றது என்று கேட்பது நல்லது.

அதற்கும் முன்னர் கேட்க வேண்டிய கேள்வி, புருவ முடி ஏன் குறைந்தது என்பது. பல ஆண்டுகள் த்ரெட்டிங் செய்து முடி வளராமல் போயிருக்கலாம்; வயது காரணமாகலாம். புருவத்தின் வெளிப்புற மூன்றிலொரு பகுதி மெலிவது தைராய்டு சுரப்பு குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். வட்டமாக ஓரிடத்தில் முடி கொட்டுவது புழுவெட்டாக இருக்கலாம். தொழுநோயின் ஒரு வகையிலும் புருவம் வெளிப்புறத்திலிருந்து உதிரத் தொடங்கும். மருந்தால் தீரக்கூடிய நோயின் அடையாளத்தை நிறமியால் மூடிவிட்டால் நோய் கண்டறியப்படாமலே வளரும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை வரும் மின்ரயிலின் கடைசி நிறுத்தத்துக்கு எதிரிலேயே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அழகு நிலையத்துக்குப் போவதே முறையான வரிசை.

புருவத்தை வெறும் அழகுக் கவலை என்று ஒதுக்குவோருக்கு வேலூர்ப் பகுதியின் மருத்துவ வரலாறு பதில் சொல்லும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கத் தொடங்கிய அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும், குணமாகிக் கை இயங்கத் தொடங்கியபின்னும் புருவமற்ற முகத்தைக் கண்டு ஊரார் விலக்கிவைப்பதை உணர்ந்து, தலைமுடியோடு கூடிய தோலை எடுத்துப் புருவ இடத்தில் பொருத்தும் அறுவையையும் மேற்கொண்டனர். தலைமுடி புருவத்துக்கு வந்தாலும் தலைமுடியாகவே நீண்டு வளரும் என்பதால் அதை அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் திரும்புவதற்கு இரண்டு அங்குலப் புருவம் தேவைப்பட்ட அம்மனிதர்களை நினைத்தால், புற்றுநோய்ச் சிகிச்சையில் முடியிழந்த ஒருவர் இன்று இதே உதவியை நாடுவதில் உள்ள நியாயம் விளங்கும். அத்தகையோர் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தைத் தவிர்த்து, தம் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலுடன்தான் செய்துகொள்ள வேண்டும்.

காத்திருக்க வேண்டியவர்கள் அல்லது தவிர்க்க வேண்டியவர்கள் வேறு சிலரும் உள்ளனர். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதோரும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோரும், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் இறங்கக் கூடாது. வெண்புள்ளியோ காளாஞ்சகப்படையோ உள்ளவர்களுக்குத் தோலில் காயம் ஏற்படும் இடத்திலேயே அந்நோய் புதிதாக முளைக்கக்கூடும். கீலாய்டு எனப்படும், காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு மாநிறத்தோரிடமும் கருநிறத்தோரிடமும் கூடுதலாகக் காணப்படுவது. காது குத்திய இடத்தில் உருண்டையாகத் தடித்த வரலாறு ஒருவருக்கு இருந்தால், அதுவே போதுமான எச்சரிக்கை. நம் சருமத்தில் காயம் ஆறியபின் அவ்விடம் கருத்துப்போவதும் இயல்பு என்பதால், அழுத்தமான கை நிறமியோடு தழும்புக் கருமையையும் சேர்த்தே தரும்.

சிகிச்சை நாளில் கூடுதல் நேரம் செல்வது கீறுவதற்கன்று, அளப்பதற்கு. மை தடவிய நூலை நெற்றி நடுவிலிருந்து மூக்கு நுனிவரை இழுத்துப் பிடித்து முகத்தின் மையக்கோட்டைப் பதித்துக்கொள்கின்றனர். மூக்கின் பக்கவாட்டிலிருந்து நேர்மேலே செல்லும் கோடு புருவத்தின் தொடக்கத்தையும், அங்கிருந்து கருவிழியின் வெளியோரம் வழியாகச் செல்லும் கோடு வளைவின் உச்சியையும், கண்ணின் வெளிமூலை வழியாகச் செல்லும் கோடு வால் முனையையும் காட்டும். மனித முகத்தின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. படுத்த நிலையில் சரியாகத் தெரியும் வரைவு எழுந்து உட்கார்ந்ததும் ஒரு பக்கம் ஏறியிருப்பதும் உண்டு. ஆகவே உட்கார்ந்தபடி, கண்ணாடியில், சிரித்தும் சிரிக்காமலும் பார்த்து ஒப்புக்கொண்டபின்னரே ஊசி தோலில் படவேண்டும். அழித்து வரைவதற்கான வாய்ப்பு அக்கணத்தோடு முடிகிறது. அதன்பின் லிடோகெயின் கலந்த மரப்புக் களிம்பைப் பூசி அரைமணி நேரமோ சற்றுக் கூடவோ காத்திருந்து, தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையைப் பின்பற்றி ஒவ்வொரு கீறலாக இடுகின்றனர். மரத்த தோலில் வலி பெரிதாகத் தெரியாவிடினும், நகத்தால் தாளைக் கீறுவது போன்ற மெல்லிய ஓசை காதருகே கேட்டுக்கொண்டிருக்கும். ஊசிமுனைகளில் இரத்தம் பொட்டாகப் பனிக்கலாம். வழிந்தால் ஆழம் மிகுந்துவிட்டது என்று பொருள். அளவு, வரைவு, கீறல் எல்லாம் சேர்த்து இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். நிறமிக்கும் களிம்புக்கும் ஒவ்வாமை உண்டா என்பதைக் காதுக்குப் பின்புறம் சிறிது இட்டுச் சில நாள் முன்னதாகவே பார்த்துவிடும் நிலையமே நம்பத்தக்கது.

வீடு திரும்பியபின் வரும் நாள்களைப் பற்றி முன்னறிவு இல்லாதவர்களே பெரிதும் கலங்குகின்றனர். முதல் மூன்று நாள்களில் புருவம் தேர்ந்தெடுத்த நிறத்தைவிட மிகக் கறுத்து, சற்று வீங்கி, மை தீட்டிய நாடக வேடம்போல் தோன்றும். நான்காம் ஐந்தாம் நாளில் அரிப்பு தொடங்கி, மெல்லிய பொருக்கு உதிரும். நகத்தால் பிய்த்தால் அவ்விடத்து நிறமியும் சேர்ந்து வந்துவிடும். இரண்டாம் வாரத்தில் பொருக்கு உதிர்ந்த புருவம் பாதி காணாமல் போனதுபோல் வெளிறி நிற்கும். பணம் வீணாயிற்று என்று பலரும் எண்ணுவது இந்தக் கட்டத்தில்தான். புதிதாக உருவாகும் மேல்தோல் தொடக்கத்தில் ஒளி ஊடுருவாமல் நிறத்தை மறைத்து நின்று, நான்கு முதல் ஆறு வாரங்களில் தெளிய, உண்மையான நிறம் மேலெழும். அதன்பின், ஆறாவது எட்டாவது வாரங்களுக்கிடையே, விட்டுப்போன இடங்களை நிரப்பும் டச்-அப் என்ற இரண்டாம் அமர்வு நடைபெறும். பேசிய தொகையில் அது அடங்குமா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பத்து நாள்கள் புருவத்தில் வியர்வை வழியாமலும் நீர் ஊறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எளிய விதி, உருட்டாலையின் சூட்டில் நிற்பவருக்கு எளிதன்று. பாதுகாப்புத் தலைக்கவசத்தின் உட்பட்டை நெற்றியில் புருவத்துக்குச் சற்று மேலே அழுந்துகிறது. அதில் ஊறும் வியர்வை நேராகப் புருவத்தில் இறங்குகிறது. கண்ணாடியின் மேல்விளிம்பு அங்கேயே உரசுகிறது. காற்றில் மிதக்கும் இரும்புத்தூள் ஈரமான புண்ணில் ஒட்டுகிறது. வார விடுமுறை ஒருநாளில் செய்துகொண்டு மறுநாள் ஷிப்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. பத்து நாள் விடுப்போ, அக்காலத்துக்கு வெப்பமும் தூசியும் இல்லாத பிரிவில் வேலை மாற்றமோ இல்லாதவர் தள்ளிப்போடுவதே நல்லது. புருவம் கெட்டுவிடும் என்று கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றிவைப்பது எந்நிலையிலும் கூடாது.

வீட்டிலும் சில பழக்கங்களை நிறுத்திவைக்க வேண்டும். புண்ணுக்கு மஞ்சள் பற்றிடுவது நம் கைக்கு இயல்பாக வருவது. சுத்தமற்ற மஞ்சள்தூள் கிருமியைச் சேர்ப்பதோடு அதன் சாயமும் கீறலில் இறங்கக்கூடும். எண்ணெய்க் குளியல், பழவேற்காட்டில் கடல் நீராடல், முகம் நனையும் தலைக்குளியல் ஆகியவை காத்திருக்கலாம். திருத்தணியில் முடி காணிக்கை செலுத்தும் நேர்த்திக்கடன் இருந்தால், மொட்டையடித்துத் தலையோடு நீர் ஊற்றிக்கொள்வதையும் நெற்றி நிறையச் சந்தனம் பூசுவதையும் எண்ணி, அதை முன்கூட்டியே முடித்துவிடுவது பொருத்தம். ஆறியபின்னும் வெயிலில் செல்லும்போது சன்ஸ்கிரீன் பூசுவது நிறத்தின் ஆயுளை நீட்டிக்கும்.

அச்சப்பட வேண்டியது ஊசியின் தூய்மையைப் பற்றி. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாள்கள் வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி ஆகியவையும் இரத்தம் பட்ட ஊசி வழியே பரவக்கூடியவை. ஊசிகள் பதித்த பிளேடு ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே; அது உறையிட்ட நிலையில் வாடிக்கையாளரின் கண்ணெதிரே பிரிக்கப்பட்டு, முடிந்ததும் துளைபடாத கலத்தில் போடப்பட வேண்டும். சூடுநீரில் கழுவுவதும் டெட்டாலில் நனைப்பதும் கிருமிநீக்கம் ஆகா. ஊசி புதியதாக இருந்தும் மையால் கெட்ட நிகழ்வும் உண்டு: அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நீர் கலந்து தயாரித்த சாம்பல்நிற மையால் பத்துக்கும் மேற்பட்டோர், காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரால் தோல்தொற்றுக்கு ஆளாயினர். சிவப்பு நாளுக்கு நாள் பரவுதல், சீழ், காய்ச்சல், வாரங்கள் கழிந்தும் வடியாத கட்டி ஆகியவற்றில் எது கண்டாலும் நிலையத்தாரிடம் களிம்பு கேட்டு நிற்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சட்டத்தின் காவல் இத்துறையில் மெலிந்தே உள்ளது. தோலுக்குள் செலுத்துவதற்கென எந்த நிறமிக்கும் தான் ஒப்புதல் அளித்ததில்லை என்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. இந்தியாவின் 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டம் உடலுக்குள் செலுத்தப்படும் அழகுப்பொருளையும் தன் வரையறையில் சேர்த்திருந்தாலும், குத்துபவரின் தகுதியை வரையறுக்கும் விதி இல்லாத குறை நீடிக்கிறது. சில நாள் பயிற்சிக்குத் தரப்படும் சான்றிதழ் மருத்துவத் தகுதி ஆகாது. 2024 டிசம்பரில் திருச்சிராப்பள்ளியில் ஒரு பச்சைகுத்தும் நிலையம் நாக்கைப் பிளக்கும் அளவுக்குச் சென்று, பின்னரே கைதும் மூடலும் நடந்தது, கண்காணிப்பு எவ்வளவு தாமதமாக விழிக்கிறது என்பதற்குச் சான்று. குத்துபவர் முன்பு செய்த வேலைகளை, செய்த அன்று எடுத்த படங்களில் அல்லாமல் ஓராண்டு ஆறிய படங்களில், அதுவும் தம்மைப் போன்ற நிறமுள்ளவர்களின் முகங்களில் காட்டுமாறு கேட்பதே இன்றைக்கு வாடிக்கையாளர் கையில் உள்ள வலுவான சோதனை.

பிடிக்காமல் போனால் அழிக்கலாமே என்ற துணிவும் வேண்டாம். கரி கலந்த நிறமி ஆண்டுகள் செல்லச் செல்ல நீலச்சாம்பலாகவும், இரும்பு ஆக்சைடு கலந்தவை செம்பழுப்பாகவும் சாய்கின்றன. லேசரால் உடைக்கலாம் எனினும், கண்ணுக்கு அருகில் பாதுகாப்பு உறையுடன், பல அமர்வுகளில், தோல் மருத்துவரால் மட்டுமே செய்யத்தக்கது அது. இரும்பு ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ உள்ள நிறமி லேசர் பட்டதும் அழிவதற்கு மாறாகக் கறுத்துவிடுவதும் உண்டு. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும்போது புருவத்தில் நிறமி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இரும்புத் துகள்கள் சிறிது சூடேறக்கூடும். பச்சை குத்தியவரிடம் ஓராண்டுக்கு இரத்த தானம் பெறுவதில்லை என்ற வழிகாட்டுதல் இதற்கும் பொருந்தும்.

இவ்வளவையும் அறிந்தபின் செய்துகொள்ள முடிவெடுப்பவர், பருவத்தைக் கருதி நாள் குறிப்பது நல்லது. சித்திரை, வைகாசியின் கத்திரி வெயில் இப்பகுதியில் வியர்வையின் உச்சம் என்பதால் தவிர்க்கத்தக்கது. தை மாத முகூர்த்தத்துக்கு மணமகள் ஆயத்தமாவதாயின், இரண்டு அமர்வுகளுக்கும் இடையில் ஆறு முதல் எட்டு வாரம், இரண்டாம் அமர்வுக்குப்பின் ஆறுவதற்கு நான்கு வாரம் எனக் கணக்கிட்டு, ஐப்பசி மழை தொடங்கும் வேளையில் முதல் அமர்வை முடித்திருக்க வேண்டும். கார்த்திகை பிறந்தபின் நினைவு வந்தால் அந்தத் திருமணத்துக்குப் பென்சிலே போதும்.